குமிழைத் திருப்பிய கை

முதல் மூன்று மாதங்கள் நான் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் எல்லாம் பொரி உருண்டை மாதிரி இருந்தன. கேமராவின் சின்னத் திரையில் பார்க்கும்போது ஊசிமுனையாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் விரித்தால் உப்பிப் போயிருக்கும். நான் பழி போடாத பொருளே இல்லை. மூடுபனி, காற்று, ஆடி, பழைய கேமரா என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டி, கடைசியில் கேமரன் மலைக்கே வானியல் ராசி இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பா ஒரு நாள் இரவு கூடவே திடலுக்கு வந்தார். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "நீ அந்தக் குமிழத் தொட்டாலே எல்லாம் ஆடுதுடா. ஆடுற எடத்துல எப்படி அளவு பாப்ப?"

அப்பா முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். கொழுந்தை உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, சல்லடை என்று எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றபோது தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரிஞ்சாங்கில் ஒரு மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். வேலை முடிந்தால் வீடும் முடியும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனால் வானம் பார்க்க நான் இன்றும் அந்தப் பழைய தோட்டத்தின் திடலுக்குத்தான் போகிறேன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், பந்து விளையாடும் திடல். சுற்றிலும் தேயிலை. தெற்கே மறைப்பில்லாத வானம்.

என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய 150 மி.மீ. நியூட்டன் வகைத் தொலைநோக்கி. குவியத் தொலைவு 750 மி.மீ., அதாவது எஃப்/5. அடியிலுள்ள பெரிய ஆடி ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே சாய்வாக நிற்கும் சின்ன ஆடி அதைப் பக்கவாட்டில் ஒரு குழாய்க்குள் தள்ளும். அந்தக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகம்தான் ஃபோக்கஸர். கேமராவின் உணர்தகடு ஒளி குவியும் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். எவ்வளவு சரியாக? ஒளியின் அலைநீளத்தையும் எஃப் எண்ணின் வர்க்கத்தையும் பெருக்கி, அதை 4.88 ஆல் பெருக்கினால் வரும் தூரம்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி என்று ஒரு கணக்கு உண்டு. என் தொலைநோக்கிக்குப் பச்சை ஒளியில் அது 67 மைக்ரான். அதற்கு வெளியே போனால் பொரி உருண்டை.

அப்பாவிடம் மைக்ரான் என்று சொல்லிப் பயனில்லை. அவர் 'தௌ' கணக்குக்காரர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனதுக்குள் மாற்றிப் பார்த்து, "ரெண்டரை தௌ-ப்பா" என்றேன். அவர் உள்ளே போய்ப் பழைய கருவிப் பெட்டியிலிருந்து பீலர் கேஜை எடுத்து வந்தார். விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். இரண்டு தௌ தகட்டையும் மூன்று தௌ தகட்டையும் என் விரலிடுக்கில் மாறி மாறி வைத்தார். "இதுக்கும் இதுக்கும் நடுவுல. இத நீ குளிர்ல, இருட்டுல, கையால திருப்பிப் புடிக்கப் போறியா?" அப்போதுதான் எனக்கு அந்த எண்ணின் அர்த்தம் கைக்குத் தெரிந்தது.

பிறகு அவரே அந்தக் குமிழைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கை நடுக்கம் வந்து மூன்று வருடமாகிறது. திரையில் நட்சத்திரம் கொதிக்கிற எண்ணெயில் போட்டது மாதிரி துள்ளியது. கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மோட்டார் போட்டுறலாம்" என்றார். அதோடு, நான் எதிர்பாராத ஒரு கேள்வியும் கேட்டார்: "நம்மாளுங்க யாராச்சும் இந்த வேலையப் பாத்திருக்காங்களாடா? தொலைநோக்கி வேலை?"

மோட்டார் செய்ய ஆறு வாரம் ஆனது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட அதைவிட அதிக நாள் ஆனது.

*

ஆட்டம் என்பது தொலைநோக்கிக்காரர்களின் ஆதிகாலப் பகை. சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையத்து வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. பதினைந்து அடி உயரம், ஏறக்குறைய பத்து டன் எடை. அதைச் சுற்றியிருந்த கட்டடம் எப்போதோ போய்விட்டது. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் வைத்திருந்த கருவிகள்தான் பிறகு கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகமாக மாறின. 1792இல் மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினார். தரை அதிர்ந்தாலும், ஆள் நடந்தாலும், சுவர் அசைந்தாலும் கருவி அசையக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய தூண். என் மோட்டார் செய்யப்போகும் வேலையை 1792இல் பத்து டன் கல் செய்தது. பிரிட்டிஷாரின் தாராள மனத்தால் ஆசியாவில் கணித அறிவியல் நடப்பட்டதை ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களும் அறியட்டும் என்ற பொருளில் அந்தத் தூணில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில். நம் பஞ்சாங்கக்காரர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரகணம் கணித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூணைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அங்கேதான் அப்பாவின் கேள்விக்கு முதல் பதில் கிடைத்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸ் வானாய்வகத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்து, முதல் உதவியாளர் என்ற இடத்துக்கு வந்தவர். 1861இல் அங்கே தலைமைக்கு வந்தவர் நார்மன் போக்சன். நட்சத்திர ஒளியளவை நாம் இன்று சொல்லும் அளவுகோலுக்குக் கணித வடிவம் தந்தவர் அவர்தான். 1867இல் ரகுநாதாச்சாரி ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். ரெட்டிகுலம் என்ற தென்வானத்துச் சின்ன விண்மீன் குழுவில் இருக்கிறது அது. இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. நவீன வானியல் பதிவேட்டில் கண்டுபிடித்தவர் என்று இந்தியர் ஒருவரின் பெயர் ஏறிய முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்கு அவர் வனபர்த்திக்குப் போனார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்காக அதை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் எழுதினார். வானத்தில் பார்த்ததோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். நம் வீட்டு நாட்காட்டியில் 'திருக்கணிதம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம். 1880இல் இறந்தார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த நேரத்தில் அவர் ஒரு அலுமினியம் ஆங்கிளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். நடுக்கமுள்ள கை ரம்பத்தைப் பிடித்தால் மட்டும் நேராகப் போகிறது. அது எப்படியென்று தெரியவில்லை. அறுத்து முடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி. அவரு நம்மாளா?"

அவர் கேட்டதன் பொருள் எனக்குத் தெரியும். பஞ்சாங்கக் குடும்பமும் பால்மரக் குடும்பமும் ஒரே தமிழைப் பேசினாலும் ஒரே தெருவில் இருந்ததில்லை. நான் பதில் சொல்லவில்லை. மேலும் படித்தேன்.

*

மோட்டார் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 28பிஒய்ஜே-48 என்று ஒரு ஸ்டெப்பர் மோட்டார் உண்டு. ஏ.சி.யின் காற்றுத் தடுப்பு இலைகளை ஆட்டுவதற்குப் பயன்படுகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் மலிவான சாமான். ஐந்து வோல்ட்டில் ஓடும். உள்ளேயே பற்சக்கரங்கள் இருப்பதால் அதன் அச்சு ஒரு சுற்றுச் சுற்ற 2048 படிகள் எடுக்கும். என் ஃபோக்கஸர் குமிழை ஒரு சுற்றுத் திருப்பினால் குழாய் 20 மி.மீ. நகர்கிறது. வகுத்துப் பாருங்கள். ஒரு படிக்குப் பத்து மைக்ரானுக்கும் கொஞ்சம் குறைவு. 67 மைக்ரான் இடைவெளிக்குள் ஆறு ஏழு இடங்களில் நிறுத்த முடியும். போதும். அதை ஓட்ட ஒரு யூ.எல்.என்.2003 பலகை, கட்டளையிட ஓர் ஆர்டுயினோ நானோ. எல்லாம் சேர்த்து ஐம்பது ரிங்கிட்டுக்குள் முடிந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான பலகை அது. அதன் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்து வைத்ததால்தான் என் வரைக்கும் வந்திருக்கிறது. நிரலும் அப்படித்தான். எங்கேயோ இருக்கும் ஒரு அமெச்சூர் எழுதி இலவசமாகப் போட்டு வைத்தது.

மோட்டாரை எப்படிக் குமிழோடு இணைப்பது என்பதில்தான் நான் தோற்றேன். மருந்தடிக்கிற பம்பின் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை மோட்டார் அச்சிலும் மறுமுனையைக் குமிழின் தண்டிலும் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. மோட்டார் சுற்றும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், குமிழ் அசையாது. பிறகு ஒரு நொடியில் விடுபட்டுத் தாவும். அப்பா ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பல்வைத்த பெல்ட்டும் இரண்டு புல்லிகளும் வாங்கி வரச் சொன்னார். பெல்ட் போட்ட பிறகும் ஒரு கோளாறு இருந்தது. உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுத்தால் முதல் இருபது முப்பது படிகள் வீணாகப் போயின. "பிளே இருக்கு" என்றார் அப்பா. பற்சக்கரங்களுக்கு இடையிலான தளர்ச்சி. மோட்டாரின் பற்களிலும் தளர்ச்சி, ஃபோக்கஸரின் பற்களிலும் தளர்ச்சி. "பிளேய ஒழிக்க முடியாது. ஒரே பக்கமா வா. எப்பவும் கீழேருந்து மேல தள்ளி நிப்பாட்டு. தாண்டிட்டா, நல்லா கீழ எறக்கிட்டு மறுபடியும் மேல வா." பிறகு படித்தபோது தெரிந்தது, உலகமெங்கும் ஃபோக்கஸர் செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வதும் இதுதான். அப்பா இதைக் கொழுந்து உருட்டும் இயந்திரத்திடம் கற்றிருந்தார்.

பல்லே இல்லாமல் செய்துவிட்டால்? அதையும் ஒருவர் யோசித்திருக்கிறார். இங்கிலாந்தில் கிரேஃபோர்ட் என்ற ஊர். அங்கே மேனர் ஹவுஸ் வானியல் கழகம் என்று ஓர் அமெச்சூர் கூட்டம். அதைச் சேர்ந்த ஜான் வால் பற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான்கு பேரிங்குகளின் மேல் குழாயை உட்கார வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் உருளையால் அழுத்தினார். உருளை சுற்றினால் உராய்வாலேயே குழாய் வழுக்கிக்கொண்டு நகரும். பல் இல்லை, அதனால் தளர்ச்சியும் இல்லை. 1971இல் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் இதழில் அதை வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று உலகில் விற்கும் தரமான ஃபோக்கஸர்கள் பல அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. கண்டுபிடித்தவரின் பெயரையல்ல, ஊரின் பெயரை. தோட்டத்துப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு வாழ்ந்த எங்கள் ஆட்கள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

*

மோட்டார் தயாரானதும் அடுத்த சிக்கல். சரியாகக் குவிந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? கண்ணை நம்பக் கூடாது. இதற்கு ஒரு நீண்ட பரம்பரை இருக்கிறது. 1619இலேயே கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மன் பாதிரியார் ஓர் அட்டையில் இரண்டு துளை போட்டு அதன் வழியே பார்க்கச் சொன்னார். குவியம் தவறினால் பொருள் இரண்டாகத் தெரியும். சரியானால் ஒன்றாகும். 1900களின் தொடக்கத்தில் யோஹன்னஸ் ஹார்ட்மன் பல துளைகள் போட்ட தட்டால் பெரிய தொலைநோக்கிகளின் வில்லைகளையே சோதித்தார். 2005இல் பாவெல் பாக்தினோவ் என்ற ரஷ்ய அமெச்சூர் துளைகளுக்குப் பதில் மூன்று விதமாகச் சாய்ந்த பிளவுகளை வெட்டினார். பிரகாசமான நட்சத்திரத்தில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கதிர்களும், அவற்றுக்கு நடுவில் நகரும் மூன்றாவது கதிரும் தெரியும். மூன்றாவது கதிர் நட்டநடுவில் வந்து நின்றால் குவியம் சரி. நான் அதைத் தேயிலைப் பெட்டி அட்டையில் பிளேடால் வெட்டினேன். அட்டையின் பின்பக்கம் இன்னும் தூள் தேயிலை வாசனை அடிக்கிறது.

பழைய புகைப்படக்காரர்களுக்கு இன்னொரு பொல்லாத சிக்கல் இருந்தது. அந்தக் காலத்து வில்லைகள் மஞ்சள் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும்படி செய்யப்பட்டவை, ஏனென்றால் கண்ணுக்கு மஞ்சள்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ஈரத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. கண்ணால் சரியாகக் குவித்துப் படமெடுத்தால் படம் மங்கும். தகட்டின் குவியம் வேறிடத்தில் இருந்தது. பார்க்கிற குவியம் ஒன்று, பதிகிற குவியம் ஒன்று. நியூயார்க்கில் லூயிஸ் ரதர்ஃபர்ட் 1864இல் தகட்டுக்காகவே ஒரு வில்லை செய்தார். அதில் படம் துல்லியம், ஆனால் கண்ணால் பார்க்க லாயக்கில்லை. முப்பது வருடம் கழித்து, 1890களில் யார்க் நகரத்தின் குக் கம்பெனிக்காக டென்னிஸ் டெய்லர் மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து இரண்டு குவியங்களையும் ஒன்றாக்கினார். 'போட்டோவிஷுவல்' என்று அதற்குப் பெயர். 30 செ.மீ. அகலத்தில் அப்படி ஒரு வில்லை கொடைக்கானலுக்கு வந்தது.

கொடைக்கானல் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலை, குளிர், தேயிலைக்கு ஏற்ற உயரம். அங்கே ஏன் வானாய்வகம்?

பஞ்சம். அதுதான் காரணம்.

1876இல் தொடங்கி 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிப் போனது. அப்போது லண்டனில் நார்மன் லாக்கியரும் வில்லியம் ஹண்டரும் சேர்ந்து, 1877இல், சூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் தென்னிந்தியப் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். புள்ளிகள் குறைந்தால் மழை குறையும், மழை குறைந்தால் பஞ்சம் வரும் என்பது வாதம். தப்பு எங்கே என்று கேட்டால், கைநீட்டிச் சூரியனைக் காட்டிவிடலாம். என் அபிப்பிராயத்தில் அதைவிட வசதியான ஆராய்ச்சி எந்த அரசாங்கத்துக்கும் கிடைத்திருக்காது. இருந்தாலும் அந்த வாதத்திலிருந்து ஒரு நல்ல காரியம் விளைந்தது. பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1893இல் லண்டனில் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலில் சூரிய வானாய்வகம் அமைக்க முடிவு செய்தது. 1899இல் மெட்ராஸின் வேலை மைக்கி ஸ்மித்தின் பொறுப்பில் அந்த மலைக்கு இடம் மாறியது.

பருவமழையைச் சூரியப் புள்ளிகள் சொல்லிக் கொடுக்கவேயில்லை. ஆனால் 1904 முதல் அங்கே கால்சியம் ஒளியில் சூரியனைத் தொடர்ந்து படமெடுத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீளும் அந்தத் தகடுகள் இன்று உலகம் முழுவதும் சூரிய ஆராய்ச்சியாளர்களுக்குச் சொத்து. 1907இல் அங்கே வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட்டும் அடிப்படையில் ஓர் அமெச்சூர்தான். இங்கிலாந்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகக் கருவி செய்தவர். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு கிடைமட்டமாக வெளிநோக்கிப் பாய்வதைக் கொடைக்கானலில் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

சூரியனைப் படமெடுப்பதில் குவியம் ஒரு நாளும் ஒரே இடத்தில் நிற்காது. வெயில் ஏற ஏற ஆடி சூடாகும், வளையும், குவியம் நகரும். காலையில் சரிசெய்தது பத்து மணிக்குத் தவறாகிவிடும். அப்படியானால் தினமும் யாரோ ஒருவர் கிட்டே நின்று அதைத் திருத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இயக்குநர்களின் பெயர்கள் எல்லா வரலாற்றிலும் கிடைக்கின்றன. மலைப்பனியில் காலையில் எழுந்து மூடியைத் திறந்து, ஆடியைத் துடைத்து, தகட்டை மாட்டிய உள்ளூர் உதவியாளர்களின் பெயர்களைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

அதே பஞ்சம் இன்னொன்றும் செய்தது. கிராமங்களைக் காலி செய்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவின் கரும்புக்கும் காப்பிக்கும் ஆட்கள் கப்பலேறினார்கள். பிறகு கங்காணி முறை வந்தது, ரப்பர் வந்தது. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்து குறித்துவைத்த இந்த மேட்டு நிலத்தில் 1929இல் ஜே.ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தபாவிலிருந்து மலைச்சாலை ஏறியது. தேயிலைக்காகக் காடு வெட்டக் கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர். தாது வருஷத்தில் வந்தவர் அல்ல, அதற்கு இரண்டு தலைமுறை பிந்தியவர். ஆனால் அவர் நடந்து வந்த பாதையை வெட்டியது அந்தப் பஞ்சம்தான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தேன் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், கண்ணாடி போடாமல். ஒரே பஞ்சம் ஒரு மலையில் தொலைநோக்கியை வைத்தது, மற்ற மலைகளுக்கு நம்மை அனுப்பியது என்றேன். "அப்ப நாம அந்தப் பக்கம் போயிருந்தா அங்க மூடி தொறந்துகிட்டு இருந்திருப்போம்" என்றார். கேலியா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொடைக்கானலின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி பிந்தியது. 1960களில் வைணு பாப்பு தலைமையில் அவர்கள் இரவு வானத்துக்காக வேறு இடம் தேடினார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் கிடைத்தது. 1968இல் அங்கே முதலில் நிறுவிய 38 செ.மீ. தொலைநோக்கி வெளிநாட்டில் வாங்கியதல்ல. கொடைக்கானலின் பின்கட்டிலேயே செய்தது. அங்கிருந்து தொடங்கித்தான் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே கட்டி நிறுத்தினார்கள். இந்தப் பதிலை மட்டும் அப்பா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். "பட்டறை இருந்திருக்கு. பிட்டர் இருந்திருக்கான்."

*

ஃபோக்கஸர் முடிந்ததும் எதை முதலில் படமெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர் ரெட்டிகுலி.

சென்னையிலிருந்து பார்த்தால் அந்த விண்மீன் எவ்வளவு உயரம் ஏறினாலும் தொடுவானத்திலிருந்து 14 பாகைதான். நகரத்துப் புகைக்கும் கடல் ஈரத்துக்கும் நடுவில், அந்த உயரத்தில் ரகுநாதாச்சாரி அதைப் பிடித்தார் என்பது சின்ன விஷயமல்ல. கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருக்கம். இங்கே 22 பாகைக்கு மேல் ஏறும். ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவை வெறுங்கண்ணின் எல்லை வரை பிரகாசமாகி, பிறகு மிகவும் மங்கிப் போகும் சிவப்பு விண்மீன் அது. மங்கலான விண்மீனுக்குக் குவியம்தான் உயிர். குவியம் தவறினால் அதன் ஒளி பரவி, வானத்தின் வெளிச்சத்தோடு கலந்து, இல்லாமலேயே போய்விடும்.

ரெட்டிகுலம் என்ற பெயரைத் தேடியபோது ஒரு வேடிக்கை. 1751இல் நன்னம்பிக்கை முனைக்குப் போய்த் தென்வானத்தை அளந்த பிரெஞ்சுக்காரர் லகாய் வைத்த பெயர் அது. தன் தொலைநோக்கியின் குவியத்தில் விண்மீன்களின் இடத்தை அளக்க மாட்டியிருந்த சின்ன வலைக்குறியின் நினைவாக. குவியத்தில் வைத்த ஒரு சாமான் வானத்துக்குப் போயிருக்கிறது.

பிப்ரவரியில், மழை ஓய்ந்த வாரத்தில் போனோம். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் நாலரைப் பாகை உயரத்தில், மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால் அச்சைச் சரிசெய்யவே ஒன்றரை மணி நேரம் போனது. அதற்குள் கீழே பூத்தோட்டங்களில் விளக்குகள் எரியத் தொடங்கின. செவ்வந்திச் செடிக்கு நீண்ட இரவு கிடைத்தால் சீக்கிரம் மொட்டு விட்டுவிடும். தண்டு நீளமாக வளர வேண்டும் என்பதற்காக இரவில் விளக்குப் போட்டு அதை ஏமாற்றுவார்கள். பிளாஸ்டிக் கூரைகளுக்குள் வரிசை வரிசையாகப் பல்புகள். மேகம் தாழ்ந்தால் அதன் வயிறு முழுக்க மஞ்சளாகிவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தத் திடலில் மெகல்லன் மேகங்களை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறேன். பேய்ப்புகை என்று பாட்டி சொல்லுவாள். இப்போது பெரிய மேகம் மட்டும் நல்ல இரவில் தெரிகிறது. பூ வளர்க்கிறவனும் பிழைக்கத்தான் வந்திருக்கிறான். அவனிடம் விளக்கை அணை என்று கேட்க எனக்கு வாயில்லை.

அகத்திய நட்சத்திரத்தில் அட்டை முகமூடியை மாட்டினோம். அப்பா மடிப்பலகையில் உட்கார்ந்து, மூன்று பொத்தான் வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்துவதற்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. நடுங்கும் விரலுக்கும் நடுங்காத விரலுக்கும் மோட்டார் ஒரே படிதான் வைக்கும். "மேல பத்து" என்பேன். அழுத்துவார். "இன்னும் அஞ்சு." நடுக்கதிர் மெல்ல நகர்ந்தது. தாண்டிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நூறு படி கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். கதிர் நடுவில் நின்றது. யாரும் தொலைநோக்கியைத் தொடவில்லை. நட்சத்திரமும் ஆடவில்லை.

முகமூடியைக் கழற்றி, தெற்கே திருப்பி, ஒவ்வொரு நிமிடமாக இருபது படம் எடுத்தோம். பதினோரு மணிக்குள் குளிர் ஐந்து பாகை இறங்கியிருந்தது. என் இரும்புக் குழாய் அதற்கு நாற்பது மைக்ரான் போலச் சுருங்கும். எங்களுக்கு இருக்கும் இடைவெளியோ நடுவிலிருந்து இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 33. அதனால் மறுபடியும் அகத்தியருக்குப் போய், நாலு படி திருத்தி, திரும்பி வந்து இன்னும் இருபது. கடைசிப் படத்தைத் திரையில் விரித்து, வரைபடத்தோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒரு முக்கோணம், அதற்குப் பக்கத்தில் இரட்டை, அதற்குக் கீழே சின்னதாக, மற்றவற்றைவிடச் சிவப்பாக ஒரு புள்ளி. பொரி இல்லை, புள்ளி.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதான் ஐயரு பாத்ததா?" என்றார். ஐயர் இல்லப்பா, ஐயங்கார் என்றேன். "யாரோ ஒருத்தர்" என்றார்.

பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தார். தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்பின் சூட்டை மணிக்கொரு தடவை எழுதி வைத்த ஏடு. பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. ஒரு புதுப் பக்கத்தில் தேதி போட்டு, இரண்டு கோடு கிழித்து, ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் படி என்று தலைப்பு எழுதினார். 17 பாகை, 3412. அதற்குக் கீழே 12 பாகை, 3408. எழுத்து நெளிந்திருந்தது, ஆனால் எண்கள் தெளிவாக இருந்தன. "பத்து நாளு எழுதுனா இது தானா எங்க போய் நிக்கும்னு தெரிஞ்சிடும்" என்றார். பத்து நாள் வானம் திறக்கவில்லை. மார்ச்சில் இரண்டு இரவு கிடைத்தது. மேலும் நான்கு வரிகள் சேர்ந்திருக்கின்றன.